அத்தையின் விரலும் பித்தளைக் குழாயும்

பிள்ளைகளே,

உங்கள் அத்தை பொங்கலுக்கு வரும்போதெல்லாம் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி, "இந்த வெரல் இன்னிக்கும் எங்கைல கீதுன்னா அதுக்கு உங்கப்பன்தான் காரணம்" என்று சொல்வாள். அந்த விரலைச் சுற்றி, மோதிரம் போட்டுக் கழற்றிய தடம் போல இருக்கும் வெள்ளைக் கோட்டை நீங்களும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பீர்கள். போன பொங்கலுக்கு அவள் கிளம்பிப் போன பிறகு சின்னவன் என்னிடம் வந்து, "அப்பா, நீ சின்ன வயசுலயே அவ்ளோ பெரிய ஆளா?" என்று கேட்டான். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அத்தை சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரியாத ஒரு பங்கு இருக்கிறது, அவ்வளவுதான். எழுதிப் பழக்கமில்லாதவன் நான். முன்னே பின்னே இருந்தாலும் படியுங்கள்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, அத்தைக்கு ஏழு. செல்போன் எல்லோர் கைக்கும் வந்திராத காலம். திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில், முதல் மாடியில் இருந்தோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசனை வரும். காற்று திரும்பினால் எண்ணூர் பக்கத்துப் புகை வரும். அம்மா கொடியில் இருந்து எடுக்கும் வெள்ளைத் துணிகளின் மடிப்பில் எப்போதும் மெல்லிசாகக் கரி இருக்கும். அதை உதறிவிட்டுத்தான் மடிப்பாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில்தான் எங்களுக்குக் காத்தாடிக் காலமும் சூடு பிடிக்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறியதும் மொட்டை மாடி முழுக்கப் பையன்கள். நூலில் கண்ணாடித்தூள் மாஞ்சா பூச வீட்டில் எனக்கு அனுமதி இல்லை. வெறும் நூல்தான். மாஞ்சா போட்டவன் நூலோடு என் நூல் உரசினால் போச்சு, காத்தாடி கைவிட்டுப் போய்விடும். தப்பிக்க ஒரே வழி, அவன் நெருங்கும்போதே மளமளவென்று நூலைச் சுற்றி இழுத்துவிடுவது. அதற்கு நல்ல லொட்டாய் வேண்டும்.

லொட்டாய் என்றால் நூல் சுற்றி வைக்கும் உருளை. பால்பவுடர் டப்பாவின் நடுவில் ஒரு கம்பியைச் சொருகி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றுவோம். காத்தாடி இழுக்கிற வேகத்தில் கம்பி உள்ளங்கையில் உரசித் தோல் உரியும். நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய்த் துண்டை மாட்டிவிட்டால், கை குழாயைப் பிடித்திருக்கும், கம்பி உள்ளே தானாகச் சுற்றும். கையும் எரியாது, வேகமும் கிடைக்கும்.

அந்த ஒரு லொட்டாய்க்காக இரண்டு வாரம் அறுத்துக்கொண்டே இருந்தேன். பிஸ்கட் டப்பா ஒன்றில் என் சாமான்கள் இருந்தன. இரும்பு அறுக்கும் ஒரு ஆக்ஸா பிளேடு, ஒரு முக்கோண அரம், கைப்பிடி இல்லாத ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர். இறுக்கிப் பிடிக்க வைஸ் கிடையாது. மாடிப்படியில் உட்கார்ந்து கம்பியை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறுப்பேன். கம்பி அறுப்பது சுலபம். நேரம் பிடிக்கும், ஆனால் ஏமாற்றாது. அரத்தால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் பிளேடை வைத்து, தள்ளும்போது அழுத்தி, இழுக்கும்போது விட்டுக்கொடுத்தால் போதும்.

குழாய் அப்படி இல்லை. பழைய இரும்புக் கடையில் பித்தளைக் குழாய் ஒன்று கிடைத்தது. எந்தக் கட்டிலில் இருந்ததோ, எந்தக் கப்பலில் இருந்ததோ தெரியாது. குழாய்ச் சுவர் நகத்தின் தடிமன்தான். ஆக்ஸா பிளேடை வைத்ததும் பல் சுவரில் மாட்டிக்கொண்டு, பிளேடு இரண்டாக உடைந்தது. சரி என்று பிளேயரால் கடித்தேன். குழாய் அறுபடவில்லை. வாய் மூடிக்கொண்டு கரும்புச் சக்கை போலத் தட்டையாகிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கம்பியை எந்தப் பக்கம் நசுக்கினாலும் உள்ளே இரும்பு இருக்கிறது. குழாய்க்கு உள்ளே ஒன்றும் இல்லை. நசுக்குகிற சாமான் குழாய்க்கு ஆகாது.

கடைசியில் அதே கடைக்காரர் ஒரு கட்டுப் பழைய பேப்பரை வாங்கிக்கொண்டு ஒரு டியூப் கட்டரைக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் கூர்மையான சின்னச் சக்கரம், எதிரே இரண்டு உருளைகள். நடுவில் குழாயை வைத்துத் திருகாணியை லேசாக இறுக்கி, கட்டரைக் குழாயைச் சுற்றி ஒரு சுற்று சுற்ற வேண்டும். மறுபடி கொஞ்சம் இறுக்கம், மறுபடி ஒரு சுற்று. பத்துப் பன்னிரண்டு சுற்றில் துண்டு தானாகக் கழன்று கையில் விழும். ரம்பத்தூள் இல்லை, சத்தம் இல்லை. வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஆனால் உள்பக்கம் அப்படி இருக்காது. சக்கரம் பித்தளையை உள்ளே தள்ளிக்கொண்டே போவதால் வாயின் விளிம்பு உள்நோக்கி மடிந்து, சுற்றிலும் கூரான பிசிறாக நிற்கும். முதல் துண்டில் கம்பி நுழைய மறுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். கத்தி முனையால் உள்ளே சுற்றிச் சுற்றிச் சுரண்டி மழமழவென்று ஆக்கினேன். இரண்டாவது துண்டைப் பிசிறோடேயே கம்பியில் மாட்டிப் பார்த்தேன். கம்பி எப்படியோ நுழைந்துவிட்டது. மேலே மொட்டை மாடியில் பையன்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் வாயை நான் சுரண்டவில்லை.

இதுதான் அத்தைக்குத் தெரியாத பங்கு. இனி அவள் சொல்லும் கதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அப்பா முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அம்மா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு அருவாமனையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் லொட்டாயைப் பிரித்துப்போட்டு, சிக்கு விழுந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு குழாய்த் துண்டுகளும் தரையில் கிடந்தன. அத்தை ஒன்றை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு தரையில் டொக் டொக்கென்று தட்டினாள்.

"அண்ணா, பூதத்தோட வெரலு."

"வெச்சிடு. ஒளுங்கா கீழ வெச்சிடு."

கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அண்ணா, வரல."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். விரல் நடு முட்டியையும் தாண்டி உள்ளே போயிருந்தது. அவள் மறு கையால் குழாயைப் பிடித்து இழுத்தாள். முகம் சுருங்கியது. குழாயின் வாயோரம் சிவப்பாகக் கசிந்தது.

அம்மா ஓடிவந்து சோப்புத் தண்ணீரில் கையை முக்கி இழுத்தாள். தேங்காய் எண்ணெயை ஊற்றி இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அத்தை போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். இரண்டாவது இழுப்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே போகும்போது வழி விட்ட பிசிறு, வெளியே வரும்போது தூண்டில் முள் மாதிரி சதையைப் பிடிக்கிறது. இது நான் சுரண்டாமல் விட்ட துண்டு.

"இழுக்காதம்மா," என்றேன்.

"இழுக்காம? அப்டியே வுட்டுட்டு ஸ்கூலுக்கு அனுப்பவா?"

"இழுத்தா வெட்டும்."

"உனுக்கு எப்டி தெரியும்?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். 

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். அவர் கண்டெய்னர் யார்டில் வேலை செய்பவர். பெட்டிகளின் சீல், பூட்டு, கம்பி எல்லாவற்றையும் வெட்டித் திறப்பதுதான் அவர் வேலை. முழங்கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும்.

"இன்னா பாப்பா, வெரலுக்கு மோதிரம் போடச் சொன்னா கொழாயே போட்டுக்கினியா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். விரல் நுழைந்த இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குழாய்க்கு மேலே சதை வீங்கி, நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடலாமாண்ணா?" என்று அம்மா கேட்டாள்.

"எப்டிப் போவ? ரோட்ல டிரெய்லரு எறும்பு மாதிரி நிக்கிது. ஆட்டோ பூர எடமில்ல. ரயிலு இப்பத்தான் போச்சி, அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள வெரலு கறுத்துப் பூடும்." மாமா எழுந்தார். "நீ இன்னாத்துக்குப் பேஜாராவுற? எங்கிட்ட கட்டர் கீது. கண்டெய்னர் பூட்டே ஒரு அமுக்குல பூடும். இது ஜுஜுபி."

அவர் கட்டரைக் கொண்டுவந்தார். கை நீளத்துக்கு இரண்டு பிடி, நுனியில் கிளி மூக்கு மாதிரி இரண்டு தாடை. வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் அதைப் பார்த்ததும் நிம்மதி. அவர் கைராசிக்காரர். அவர் வெட்டி அறுபடாத இரும்பு இல்லை. ஆனால் அவர் வாழ்க்கை முழுக்க வெட்டியது கம்பி.

அத்தை கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அம்மா அவள் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்தி, கையை மட்டும் வெளியே இழுத்துக் கொடுத்தாள்.

"மாமா, வேணாம்," என்றேன்.

"இன்னா வேணாம்?"

"அது கம்பிக்கு. இது கொழாய்."

"ரெண்டும் இரும்புதானடா."

"இது பித்தளை."

"அப்போ இன்னும் ஈஸியாப் பூடும். தள்ளு."

"வெட்டாது மாமா. நசுக்கும்."

"உங்கொப்பன்கூட எங்கிட்ட இப்டிப் பேசனதில்ல. தள்ளுடா தம்பி, பாப்பா அழுவுது."

தாடை திறந்து குழாய்க்குப் பக்கத்தில் வந்தது. எனக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெரியவில்லை. கீழே கிடந்த இன்னொரு குழாய்த் துண்டை எடுத்தேன். அம்மா நறுக்கிவைத்த முருங்கைக்காயில் விரல் பருமனுக்கு ஒன்றைப் பொறுக்கி அதற்குள் திணித்தேன். மாமாவின் கட்டருக்கு நேராக நீட்டினேன்.

"மொதல்ல இத்த வெட்டு மாமா."

"வெளையாட்ற நேரமாடா இது?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் கையை எடுக்கவில்லை.  

மாமா என்னை ஒரு தரம் முறைத்தார். பிறகு குழாயைத் தாடைக்கு நடுவில் வாங்கி ஒரே அமுக்கு அமுக்கினார்.

குழாய் இலை மாதிரி தட்டையாகி, அதற்குப் பிறகுதான் அறுந்தது. இரண்டு முனையிலும் இருந்து பச்சையாகச் சாறு வழிந்து மாமாவின் லுங்கியில் சொட்டியது. நசுங்கிய விதை ஒன்று தரையில் விழுந்தது.

 அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து தீயும் வாசனை வந்தது. அதை அணைக்க யாரும் போகவில்லை. மாமா கட்டரை மெதுவாகக் கீழே வைத்து, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு என் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"சரி, நீ சொல்லு தம்பி. இன்னா பண்லாம்?"

நீளவாக்கில் கீற வேண்டும் என்றேன். குழாயின் வெறும் முனையில் தொடங்கி, விரல் நுழைந்த வாய் வரை ஒரே கோடு. மாமாவின் கைதான் வைஸ். "அமுக்காத மாமா, சும்மா புடி," என்று நான் நாலு தரம் சொன்னேன். அவரும் நாலு தரமும் "சரிப்பா" என்றார். அத்தையின் விரல் முட்டிகள்மேல் பிளேடு படாமலிருக்கப் பழைய சாக்ஸை மடித்து வைத்தேன். அரத்தின் கூர் விளிம்பால் முதலில் ஒரு தடம் போட்டேன். பிறகு உடைந்துபோன ஆக்ஸா பிளேடின் குட்டைத் துண்டை எடுத்து, ஒரு பக்கம் துணி சுற்றி, அந்தத் தடத்தில் வைத்து இழுத்தேன். முழு பிளேடாக இருந்தால் அவள் புறங்கையில் இடித்திருக்கும்.

பித்தளைத் தூள் மஞ்சள் மாவு போலக் கொட்டியது.

"சுடுது," என்றாள் அத்தை.

அம்மா டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். பத்து இழுப்பு, கொஞ்சம் தண்ணீர். பத்து இழுப்பு, கொஞ்சம் தண்ணீர். என் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் மறுபடி அதே இடத்தில் பிளேடு உட்காருமா என்று பயமாக இருந்ததால் துடைக்கவில்லை.

"மாமா, வெரல் போச்சுன்னா மறுபடி மொளைக்குமா?" என்று அத்தை கேட்டாள்.

"மொளைக்காம? உனுக்குப் பல்லு மொளைக்கல? ஆனா இந்த வெரலு ரெண்டு இன்ச்சு நீளமா மொளைக்கும். பூதத்துக்கு மாதிரி."

"சும்மா இருங்கண்ணா. கொழந்தைகிட்ட பேசற பேச்சா இது," என்றாள் அம்மா. ஆனால் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொஞ்சம் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் கோட்டையே பார்த்தேன்.

விரல் இல்லாத பகுதி சீக்கிரம் பிளந்தது. விரலுக்கு மேலே வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். உள்ளே எவ்வளவு தூரத்தில் தோல் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். தடிமனாக இருக்கும்வரை கரகரவென்று கேட்கும். மெலிந்துவிட்டால் சத்தம் மெல்லிசாகிச் சீட்டி அடிப்பது மாதிரி வரும். சீட்டி வந்ததும் நிறுத்தி, அரத்துக்கு மாறுவேன். மாமா மூச்சே விடவில்லை. அந்தப் பெரிய மனுஷனின் கட்டைவிரல்கள் இரண்டும் இம்மியும் அசையவில்லை.

கடைசி அரை அங்குலத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு இன்றும் தெரியாது. நடுவில் ரயில் ஒன்று போனது. நாங்கள் போயிருக்க வேண்டிய ரயில் அதுதான் போலிருக்கிறது. கட்டடம் அதிர்ந்தபோது பிளேடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது போய் முடியும்வரை காத்திருந்தேன்.

பிறகு வெறும் முனையின் பிளவில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துத் திருகினேன். குழாய் முனகிக்கொண்டே வாயைத் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளித் திருகினேன். விரலுக்குப் பக்கத்தில் வந்ததும் மாமா பிளேயரை வாங்கி, பிளவின் ஒரு பக்கத்தைப் பிடித்து, பலாச்சுளையைப் பிரிப்பது போல அத்தனை மெதுவாக மடக்கித் திறந்தார்.

விரல் வெளியே வந்தது. நாவல்பழ நிறம். முட்டிக்குக் கீழே சுற்றிலும் கத்தியால் வரைந்தது போல ஒரு வெட்டு.

அம்மா முதலில் அத்தையின் கன்னத்தில் ஒன்று விட்டாள். "எத்தக் கண்டாலும் வெரல வுடுவியா? வுடுவியா?" அப்புறம்தான் கட்டிக்கொண்டு அழுதாள்.

மூன்று மணிக்குமேல் அப்பா வந்தார். படியிலேயே மாமா நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். முருங்கைக்காய் கதையைக் கையால் நடித்தே காட்டினார். "உம்புள்ள இல்லன்னா நானே பாப்பா வெரல நசுக்கியிருப்பேன்பா" என்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தன் தப்பை அவ்வளவு பேர் முன்னால் அவர் சொன்ன தைரியத்தைப் பற்றி நான் பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். அப்போது அவர் பேச்சை நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

அப்பா உள்ளே வந்து என் தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

"அப்பா, அந்தக் கொழாயோட வாய..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா. மாமா எல்லாம் சொன்னாரு." பிறகு அத்தையைப் பார்த்து, "இனிமே அண்ணன் சாமான்ல கை வெப்பியா?" என்று கேட்டார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல்தான் பிள்ளைகளே, எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அறுத்தவனைப் பாராட்ட எல்லோரும் இருந்தார்கள். அந்தக் குழாயின் வாயைக் கூராக விட்டுவைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை குழாயைக் கண்டால் விரலை விடத்தான் செய்யும். தப்பு முழுவதும் அவளுடையது என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள், அவளும் நம்பிவிட்டாள். இத்தனை வருடம் கழித்தும் அவள் அந்தக் கதையை எப்படித் தொடங்குகிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? "நான்தான் லூசு மாதிரி வெரல வுட்டுட்டேன்." ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் காகிதத்தை வருகிற பொங்கலுக்கு முதலில் அவளிடம் கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு அதற்குப் பிறகுதான்.

அன்று மாலை ரோடு கொஞ்சம் விட்டதும் அப்பாவும் அம்மாவும் அத்தையை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்து நாள் கட்டு இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாராம். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மேலே பையன்கள் கூப்பிட்டார்கள். போகவில்லை. தரையில் சிந்திய பித்தளைத் தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். மூலையில் அத்தையின் பள்ளிக்கூடப் பை இருந்தது. திறந்து பார்த்தேன். இரட்டை வரி நோட்டில், மறுநாள் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று டீச்சர் மேலே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். "அணில் மரத்தில் ஏறியது." கீழே, அவள் வலது கையால் நிரப்ப வேண்டிய இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தன.

என் கையெழுத்து டீச்சருக்குத் தெரிந்துவிடும். பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் எழுதுவது போலவே கோணலாக, முதல் 'அ'வைப் போட்டேன்.